எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரவ உணவு: முதல் வாரங்களைக் கடப்பது எப்படி?

டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். முதல் ஓரிரு நாள் இது, அடுத்த இரண்டு வாரம் இது, அதற்கப்புறம் இது என்று அதில் எழுதியிருக்கும். படிக்கச் சுலபமாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்காரும்போதுதான் அதைக் குடித்து முடிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பது தெரியவரும். தாளில் இல்லாத அந்த நடைமுறை விஷயங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எத்தனை நாள் எந்தப் படியில் இருக்க வேண்டும் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். செய்த அறுவை சிகிச்சையைப் பொறுத்தும் மாறும். இங்கே உள்ள கணக்கும் உங்கள் தாளும் ஒத்துப்போகவில்லை என்றால் தாள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

இந்த வாரங்களில் எடை தானாகவே இறங்கும். அதற்காக நீங்கள் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. செய்ய வேண்டியவற்றை இந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள்: உடம்பில் நீர் வற்றக் கூடாது, உள்காயத்துக்குத் தொந்தரவு தரக் கூடாது, புரோட்டீன் சேர வேண்டும். எடை மெஷின் நாலாவது இடத்தில் இருந்தால் போதும்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குறுகலான குழாயாக விட்டு, ஓரம் முழுக்க ஸ்டேப்பிள் போட்டு மூடிவிடுவார்கள். அந்தக் குழாய் 100 முதல் 150 மில்லி வரை கொள்ளும். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி அளவில் ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைப்பார்கள். இரண்டிலுமே முதல் சில நாள் உள்ளே வீக்கம் இருக்கும். அதனால் ஆரம்பத்தில் இந்த அளவுகூடப் பிடிக்காது.

வெளியே தெரியும் துளைத் தழும்புகள் சீக்கிரம் ஆறிவிடும். உள்ளே இருக்கும் ஸ்டேப்பிள் வரிசை ஆறுவதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகும். கெட்டியான உணவு போனால் அந்தக் குழாய்க்குள் அழுத்தம் ஏறும். அது இறங்காமல் வாந்தி வந்தால் அழுத்தம் இன்னும் கூடும். ஸ்டேப்பிள் போட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டால் இரைப்பையில் இருப்பது வயிற்றுக்குள் பரவி, உயிருக்கே ஆபத்தான தொற்றாக மாறலாம். கசிவு அடிக்கடி நடப்பது இல்லை. நடந்தால் பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் நடக்கும். திரவ உணவில் இவ்வளவு கறார் காட்டுவது அதனால்தான்.

ஸ்லீவ் செய்தவர்களுக்கு இன்னொரு விஷயம். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் வெட்டி எடுத்ததோடு போய்விடுகிறது. பல பேருக்குப் பசியே தெரியாது. வயிறு எப்போதும் நிறைந்த மாதிரி இருப்பதால் குடிக்கவும் தோன்றாது. ஆகவே தாகம் வரும்போது குடிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்க வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு முன்பே செய்துவைக்க வேண்டியவை

பல மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒன்றிரண்டு வாரம் குறைந்த கலோரித் திரவ உணவு கொடுப்பார்கள். கல்லீரலின் இடது பக்கம் இரைப்பை மேல் படிந்தாற்போல் இருக்கும். அதில் கொழுப்பு சேர்ந்து பெருத்திருந்தால், சின்னத் துளை வழியாக உள்ளே விடும் லேப்ராஸ்கோப் கருவிகளுக்கு இடம் கிடைக்காது. இந்த உணவில் கல்லீரல் சுருங்கும். அந்த நாட்களை நீங்கள் ஒத்திகையாக எடுத்துக்கொள்ளலாம்.

அந்தச் சமயத்தில் புரோட்டீன் பவுடரைப் பெரிய டப்பாவாக வாங்கி அடுக்காதீர்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாக்கின் ருசியும் மூக்கின் மோப்பமும் பலருக்கு மாறிவிடும். போன வாரம் பிடித்த சாக்லேட் வாசனை இந்த வாரம் குமட்டும். சின்ன பாக்கெட்டுகளாக இரண்டு மூன்று வகை வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று எந்தச் சுவையும் சேர்க்காததாக இருக்கட்டும். மருந்து அளக்கும் 30 மில்லிக் கப், மூடி போட்ட ஷேக்கர், கண் சிறிதாக உள்ள வடிகட்டி, போனில் ஒரு அலாரம், இவ்வளவு போதும்.

முதல் படி: தெளிந்த திரவம்

கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் மறுபக்கம் தெரிகிறதா? அதுதான் தெளிந்த திரவம். தண்ணீர், நன்றாக வடிகட்டிய தெளிந்த சூப், சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் ஜூஸில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தது, சர்க்கரை இல்லாத ஜெல்லி, மருத்துவர் சரி என்றால் ஓ.ஆர்.எஸ். உப்புக் கரைசல். பெரும்பாலான இடங்களில் இந்தப் படி ஓரிரு நாளில் முடிந்துவிடும். சில இடங்களில் ஒரு வாரம்வரை இழுப்பார்கள்.

இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது குடிக்கும் விதம். 30 மில்லிக் கப்பை நிரப்பி 15 நிமிடத்தில் முடியுங்கள். ஒரு முறை வாயில் எடுப்பது ஒரு டீஸ்பூன் அளவுக்கு, அதாவது 5 மில்லிக்கு மேல் வேண்டாம். எடுத்ததை உடனே விழுங்காமல் வாயில் ஒரு நொடி வைத்து விழுங்குங்கள். மார்புக்கு நடுவே அது இறங்குவது தெரியும். அது அடங்கியபின் அடுத்தது. ஒரு கப்புக்கு ஆறு வாய், இரண்டரை நிமிடத்துக்கு ஒரு வாய் என்று கணக்கு வருகிறது. ஒரு மணி நேரத்துக்கு 120 மில்லி. விழித்திருக்கும் 14 மணி நேரத்துக்கு 1,680 மில்லி. நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் என்று டயட்டீஷியன் சொல்லும் அளவு இப்படித்தான் எட்டும். முதல் இரண்டு மூன்று நாள் எட்டாமல் போகலாம். தினமும் கொஞ்சம் கூடிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள்.

போதும் என்று வயிறு சொல்வது பழைய மாதிரி இருக்காது. நெஞ்செலும்புக்குக் கீழே ஒரு இறுக்கம், விக்கல், ஏப்பம், திடீரென்று வாயில் எச்சில் ஊறுவது, சிலருக்கு மூக்கில் நீர் ஒழுகுவது, தும்மல். இவற்றில் ஒன்று வந்தாலும் அந்தக் கப்பை அப்படியே வைத்துவிடுங்கள். ‘இன்னும் ஒரே ஒரு வாய்’ என்று முடிக்கப் பார்த்தால்தான் எல்லாம் திரும்பி வரும்.

வெறும் தண்ணீர் கல் மாதிரி கனக்கிறது என்று பலர் சொல்வார்கள். வெதுவெதுப்பாக்கிப் பாருங்கள், அல்லது நன்றாகக் குளிரவைத்துப் பாருங்கள். சிலருக்கு ஐஸ் துண்டைச் சப்பினால்தான் இறங்கும். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டாலே சிலருக்குத் தண்ணீர் பழகிவிடும். எது சரிப்படுகிறதோ அதுதான் உங்களுக்குச் சரி.

கேஸ் நிரப்பிய பானங்கள் கூடவே கூடாது. ஸ்ட்ராவையும் பல இடங்களில் தடுப்பார்கள். அதில் குடித்தால் காற்றும் சேர்ந்து உள்ளே போகும், வேகமும் கூடிவிடும். காபியையும் பல குழுக்கள் முதல் சில வாரத்துக்கு நிறுத்திவைக்கச் சொல்வார்கள். மது வேண்டவே வேண்டாம். புண் ஆறாத இரைப்பை என்பது ஒரு பக்கம் இருக்க, இனிமேல் மது முன்பைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும்.

இரண்டாம் படி: முழுத் திரவம்

பால், வடிகட்டிய கெட்டி சூப், தண்ணீர் விட்டுக் கரைத்த தயிர், புரோட்டீன் பானம் ஆகியவை இந்தப் படியில் வரும். வழக்கமாக இது ஒன்றிரண்டு வாரம். சந்தேகமாக இருந்தால் வடிகட்டியில் ஊற்றிப் பாருங்கள். மேலே எதுவும் தங்காமல் முழுக்க இறங்கினால் குடிக்கலாம். கூழ் தங்கினால் அது அடுத்த படிக்கு உரியது.

இந்தப் படியில் புரோட்டீன் கணக்கு தொடங்குகிறது. பெரும்பாலும் நாளைக்கு 60 முதல் 80 கிராம் என்பார்கள். எடை வேகமாக இறங்கும்போது உடம்பு கொழுப்போடு தசையையும் சேர்த்துக் கரைக்கும். அதைக் குறைப்பதற்கும், புண் ஆறுவதற்கும் இது வேண்டும். எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டாம், கூட்டிப் பாருங்கள். கொழுப்பு நீக்கிய பால் 400 மில்லி, ஏறக்குறைய 13 கிராம். அதிலேயே 30 கிராம் பால் பவுடரைக் கலந்துவிட்டால் இன்னும் 10. நாளுக்கு ஒரு முழு ஸ்கூப் புரோட்டீன் பவுடர், வகையைப் பொறுத்து 20 முதல் 25. சூப்பில் அரை ஸ்கூப் சுவையற்ற பவுடர், 10க்கு மேல். கரைத்த தயிர் ஒரு சின்னக் கிண்ணம், 5. அறுபது வந்துவிட்டது. ஆனால் முதல் சில நாளில் தண்ணீரா புரோட்டீனா என்ற போட்டி வந்தால் தண்ணீருக்கே முன்னுரிமை கொடுங்கள். புரோட்டீன் பானத்தில் உள்ள நீரும் நீர்க் கணக்கில் சேரும் என்பது ஒரு ஆறுதல்.

பவுடர் வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்க அட்டவணையைப் பாருங்கள். ஒரு ஸ்கூப்பில் 20 கிராமுக்குக் குறையாமல் புரோட்டீன், சர்க்கரை ஐந்து கிராமுக்குள். பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புகிறது, வயிற்றால் போகிறது என்றால் பால் சர்க்கரையான லாக்டோஸ் மிகக் குறைவாக உள்ள வே ஐசோலேட் வகையோ சோயாவோ முயலலாம். லாக்டோஸ் நீக்கிய பாலும் உதவும். அறுவை சிகிச்சைக்கு முன் பால் ஒத்துப்போனவர்களுக்கும் இந்தத் தொந்தரவு புதிதாக வருவதுண்டு. கொலாஜன் பவுடரை மட்டுமே நம்ப வேண்டாம், அதில் டிரிப்டோஃபான் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் கிடையாது.

சூடான சூப்பில் பவுடரை நேராகக் கொட்டினால் திரிந்து கட்டிகட்டியாகிவிடும். முதலில் நாலு ஸ்பூன் ஆறிய தண்ணீரில் குழைத்துக்கொண்டு, சூப் வாய் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அதில் கலந்து கிளறுங்கள். ஷேக்கரில் அடித்தால் நுரை கிளம்பும். அது அடங்கும்வரை கால் மணி நேரம் விட்டுவிட்டுக் குடியுங்கள், இல்லாவிட்டால் அவ்வளவு காற்றும் உள்ளே போகும். 250 மில்லிப் பானத்தை ஒரே மூச்சில் குடிக்க முடியாது. பாதியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மீதிப் பாதியை ஒரு மணி நேரத்தில் மெல்ல முடியுங்கள். பால் கலந்த பானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் கொட்டிவிடுங்கள்.

இனிப்பில் கவனம் வேண்டும், முக்கியமாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு. சர்க்கரை நிறைந்த திரவம் அந்தச் சின்னப் பையில் நிற்காமல் சடாரென்று குடலுக்குள் இறங்கும். பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைவது, வயிற்றுப்போக்கு. சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை இறங்கி நடுக்கம் வரும். டம்பிங் என்று சொல்வது இதைத்தான். முழு ஜூஸ், இனிப்பு மில்க்‌ஷேக், ஐஸ்கிரீமைக் கரைத்துக் குடிப்பது போன்ற குறுக்கு வழிகள் திரவம்தானே என்று தோன்றினாலும் வேண்டாம்.

மாத்திரைகள்

இதில் சுயமுடிவு கூடாது. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் மருத்துவர் முன் பரப்பி, எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது, எதைப் பொடித்துச் சாப்பிடலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மெல்ல மெல்லக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. நாள் முழுக்க வெளிவர வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். சர்க்கரை நோய்க்கான மருந்தையும் இன்சுலினையும் உடனே குறைக்க வேண்டிவரும், பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளில் வேறு ஆபத்து: இவ்வளவு குறைவாகச் சாப்பிடும் நாட்களில் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிடலாம், அதுவும் சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே. ரத்த அழுத்த மாத்திரைகளில் சிறுநீரைக் கூட்டும் வகை இருந்தால், நீர் வற்றும் இந்த நேரத்தில் அதையும் கேட்டாக வேண்டும்.

வலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகையறாக்கள் வேண்டாம். இணைப்பு போட்ட இடத்தில் புண் வரவழைக்கும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது, கேளுங்கள்.

வைட்டமின் ஆயுள் முழுக்க என்பதை ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். ஆரம்பத்தில் மெல்லும் வகையோ திரவ வகையோ எடுத்துக்கொள்ளலாம். கால்சியத்தில் சிட்ரேட் வகை, ஒரு வேளைக்கு 500 முதல் 600 மில்லிகிராம். அதற்கு மேல் ஒரே நேரத்தில் எடுத்தாலும் உடம்பு சரியாக உறிஞ்சாது. இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேரம் இடைவெளிவிட்டுப் போடுங்கள்.

நடுவில் வரும் தொல்லைகள்

மலச்சிக்கல் பலருக்கும் வரும். உள்ளே போவதே கொஞ்சம், அதில் நார்ச்சத்தும் இல்லை, வலி மாத்திரையும் இரும்பு மாத்திரையும் தம் பங்குக்கு இறுக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை போனாலும் வலியில்லாமல் போனால் பயப்பட வேண்டாம். தண்ணீரும் நடையும் முதல் வைத்தியம். அதற்கும் மசியவில்லை என்றால் மலமிளக்கியை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

குமட்டல் வந்தால் வேகத்தைப் பாதியாக்குங்கள். அதே 30 மில்லியை அரை மணி நேரத்துக்கு நீட்டுங்கள். வாந்தி நாள்கணக்கில் தொடர்ந்தால் பழகிவிடும் என்று பொறுத்திருக்காதீர்கள். உடம்பில் வைட்டமின் பி1 இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. அது தீர்ந்தால் நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், குழப்பம் வரும். நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகவும் ஆகிவிடலாம்.

அப்புறம், வாய் தேடுவது. வயிற்றில் பசியே இருக்காது. ஆனால் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடும் வாசனை வந்ததும் எதையாவது மெல்ல வேண்டும் என்றிருக்கும். இது பலவீனம் ஒன்றும் இல்லை. இத்தனை வருடப் பழக்கம். சாப்பாட்டு நேரத்தில் வெளியே ஒரு நடை போய்விட்டு வருவதுதான் நான் பார்த்தவரை வேலை செய்யும் வழி. வீட்டில் இருப்பவர்களிடம் ‘ஒரு வாய் ருசி பார்’ என்று நீட்ட வேண்டாம் என முன்கூட்டியே சொல்லிவைப்பதும் உதவும். மென்றுவிட்டுத் துப்பலாம் என்ற யோசனை பல பேருக்கு வரும். தெரியாமல் ஒரு துணுக்கு இறங்கினாலும் சிக்கல், வேண்டாம்.

தவறு அதிகம் நடப்பது முதல் நாட்களில் இல்லை. எட்டாம் நாள், பத்தாம் நாள் வாக்கில் வலி போயிருக்கும், தெம்பு வந்திருக்கும், வீக்கம் வடிந்து முன்பைவிட வேகமாகக் குடிக்க முடியும். ‘கொஞ்சம் மசித்துச் சாப்பிட்டால் என்ன?’ என்ற எண்ணம் அப்போதுதான் வரும். சாப்பிட்டதும் ஒன்றும் ஆகாமல் போனால் இன்னும் மோசம், தைரியம் வந்துவிடும். உள்ளே ஆறுவது வெளியே தெரியாது. வலி இல்லை என்பதை வைத்து ஆறிவிட்டது என்று முடிவு செய்யவே முடியாது.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் பாருங்கள். மூன்றாவது வாரம் வாக்கில் பலருக்கு முள் நகராமல் நின்றுவிடும். முதலில் இறங்கியதில் நல்ல பங்கு நீர். உடம்பு அதைக் கொஞ்சம் திரும்பப் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். அதற்காகக் குடிப்பதைக் குறைத்துவிடாதீர்கள்.

உடனே கூப்பிட வேண்டிய நேரம்

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120க்கு மேல், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மூச்சு வாங்குவது. இவை கசிவின் அறிகுறிகளாக இருக்கலாம். இடது தோள்பட்டை வலியும் இதில் சேரும். முதல் ஓரிரு நாள் வயிற்றுக்குள் செலுத்திய வாயுவாலும் தோள் வலிக்கும், ஆனால் அந்த வலி எழுந்து நடமாடினால் குறையும், நாளாக நாளாக மறையும். கூடுகிற வலியும், போய்விட்டுத் திரும்பி வரும் வலியும் வேறு. காய்ச்சல் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். சிலருக்கு நாடி ஏறுவது மட்டுமே முதல் அடையாளமாக இருக்கும்.

ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

12 மணி நேரமாகக் குடித்தது எதுவும் தங்கவில்லை, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது அல்லது போகவே இல்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் நீர் வற்றிவிட்டது. இதை வீட்டில் குடித்துச் சரிக்கட்டுவது கஷ்டம். ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு உள்ளே போகும் என்பதற்கே எல்லை இருக்கிறதே! டிரிப்ஸ் ஏற்றினால் சில மணி நேரத்தில் தெளிவு வரும். தயங்காமல் போங்கள்.

கூழ் உணவுக்கு மாறும்போது

மருத்துவர் சரி என்று சொன்ன நாளில், ஒரே ஒரு பொருளை மட்டும் நன்றாக அரைத்து, கட்டியே இல்லாமல் ஆரம்பியுங்கள். ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன், இருபது நிமிடத்துக்குக் குறையாமல். அடுத்த புதுப் பொருளுக்கு ஒரு நாள் இடைவெளி விடுங்கள். அப்போதுதான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். இன்று முதல் சாப்பாடும் தண்ணீரும் தனித்தனி. சாப்பிடும்போது குடிக்கக் கூடாது, சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி கப்பை எடுக்க வேண்டும். அதனால் குடிக்கக் கிடைக்கும் நேரம் குறையும், அலாரத்தை மாற்றி வையுங்கள். கூழ் இறங்காமல் நெஞ்சில் நின்றாலோ வாந்தி வந்தாலோ அன்று முழுக்கத் திரவத்துக்கே திரும்பிவிடுங்கள். மறுநாள் மறுபடி முயலும் முன் டயட்டீஷியனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.